மோட்டரின் இரைச்சலும் தேங்காய் எண்ணெயும்



1977 கலவரத்துக்குப் பின் பசறைத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து, பிறகு மாமாவின் லயத்துக்கே திரும்பி வந்தோம். கொழுந்து பறித்துப் பழக்கமில்லாத எனக்குத் தெரிந்த தொழில் தையல் ஒன்றுதான். மிஞ்சிய தோட்டை அடகு வைத்து, மோட்டர் பூட்டிய பழைய தையல் மெஷின் ஒன்றை வாங்கினேன்.

சில மாதம் நன்றாக ஓடியது. 2011 டிசம்பரில் பெல்ட் வழுக்கத் தொடங்கியது. இறுக்கிவிட்டேன். அன்றிலிருந்து ஒரே இரைச்சல். அடுத்த காம்பராவில் கைக்குழந்தை விழித்து அழும். என் மகளோ காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்காருவாள். வன்னியில் தலைக்கு மேல் சுற்றிய 'வண்டு' விமானத்தின் சத்தம்தான் அவளுக்கு அது. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குமுன் தைத்துக் கொடுக்க வேண்டிய சீருடைகள் குவிந்து கிடந்தன. மோட்டர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

மெஷினைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனேன். மோட்டருக்குக் கம்பி சுற்றும் ஒரு பெரியவர், முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டரை மட்டும் ஓடவிட்டார். இரைச்சல் இல்லை!

"மோட்டருல குத்தமில்ல புள்ள. சில்லைக் கையால சுத்திப் பாருங்க" என்றார். கல்லாக இறுகியிருந்தது.

"என்ன எண்ணெய் விட்டீங்க?"

"தேங்காய் எண்ணெய், ஐயா."

சிரித்துவிட்டார். தேங்காய் எண்ணெய் நம் பக்கத்துக் குளிரில் உறையும். நாளானால் பிசின்போல ஒட்டும். மெஷின் இறுகியதால் பெல்ட் வழுக்கியது. நான் பெல்ட்டை இறுக்க, அது மோட்டரின் அச்சை ஒரு பக்கமாக இழுத்துச் சத்தம் போட வைத்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெஷின் எண்ணெய் விட்டதும் சரியாயிற்று.

உங்கள் மெஷினும் சத்தம் போட்டால் இப்படிப் பாருங்கள்:

1. ஓடவிட்டுப் பார்க்கும் நேரம் தவிர, பிளக் கழன்றே இருக்கட்டும். மண்ணெண்ணெய்க்கு அருகில் விளக்கோ அடுப்போ கூடாது.

2. பெல்ட்டைக் கழற்றி மோட்டரை மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் கோளாறு பெல்ட்டில் அல்லது மெஷினில். பொபின் இருக்கும் இடத்தில் சேர்ந்த நூல்தூசியையும் எடுங்கள்.

3. பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலமளவு உள்ளே போக வேண்டும்.

4. மோட்டர் தனியாகவும் கடகடத்தால், அதைப் பிடித்திருக்கும் ஆணி தளர்ந்திருக்கலாம், முடுக்குங்கள். தீப்பொறி அதிகமாகப் பறந்து கருகல் மணம் வந்தால் கார்பன் தேய்ந்திருக்கலாம். இரண்டு கார்பனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதில் எண்ணெய் படக்கூடாது.

5. பழைய மெஷின் வாங்குமுன் மோட்டரின் தகட்டைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வருபவை 100 வோல்ட். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். டிரான்ஸ்போமர் இல்லாமல் நேராகச் செருகினால் கருகிவிடும்.

அந்த முறை சீருடைகள் எல்லாவற்றையும் நேரத்துக்குக் கொடுத்தேன், தோட்டையும் மீட்டேன். கடைசிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தது என் மகள். ஓடும் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்தாள்.