அடியில் யார் கையெழுத்து?

1981-ல் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலிக்கு ஒரு விசித்திர ஆசை வந்தது. பட்டறையில் 300 நிறக் கண்ணாடி இருக்கிறது, அத்தனையையும் பயன்படுத்திவிட வேண்டும்! உள்ளே ஒரு நிறம், வெளியே வேறொன்று, விளிம்பில் மூன்றாவது. உள்நிறமும் வெளிநிறமும் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க நடுவில் ஒரு வெள்ளைப் படலம். இப்படிப் பிறந்தவை, உடம்பெல்லாம் புள்ளி தெறித்து வாய் நெளிந்த கிண்ணங்கள். அவற்றைப் பார்த்த அவருடைய அம்மா, அசிங்கங்கள் என்றே அவற்றுக்குப் பேர் வைத்தார். பிறகு நண்பரான சிற்பி இட்டாலோ ஸ்காங்கா சொன்ன ‘மக்கியா’ என்ற இத்தாலியப் பெயர் நிலைத்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் ஊதுகண்ணாடிச் சிற்பங்களில் மக்கியாவுக்கு முன்வரிசை இடம்.

ஆனால், அவற்றை முன்னின்று ஊதியவர் சிஹூலி அல்ல.

1976-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் அவருடைய இடது கண் போயிற்று. ஒரே கண்ணால் பார்த்தால் தூரம் சரியாகப் பிடிபடாது. உருகிய கண்ணாடி அருகே அது விளையாட்டல்ல. 1979-ல் கடலலையில் சறுக்கும்போது தோள்பட்டை விலகியது. அதோடு ஊதுகுழலை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் காகிதத்தில் வண்ணத்தை வாரி இறைத்து வரைவார். குழு அதைப் பார்த்து ஊதும். எண்பதுகளில் அந்தக் குழுவின் தலைமை ஊதுநராக இருந்த வில்லியம் மாரிஸ், பின்னர் தனியாகவே பெரிய கலைஞராகப் பேர் எடுத்தார். 1998-ல் லாஸ் வேகாஸின் பெலாஜியோ ஓட்டலின் உட்கூரையில் ஏறிய சுமார் 2,000 கண்ணாடிப் பூக்களும் இப்படிப் பல கைகள் சேர்ந்து செய்தவைதான்.

அந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இது ஏன் ஓர் ஆள் வேலையில்லை என்று புரியும். உலை 1,100 டிகிரிக்கு மேல் தகிக்கிறது. நாலைந்து அடி நீள இரும்புக் குழலின் நுனியில், வெல்லப்பாகு போலத் தளதளக்கும் கண்ணாடியைச் சுருட்டி எடுக்கிறார்கள். குழலை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கிவிடும். ஒருவர் உட்கார்ந்து வடிவம் கொடுக்க, இன்னொருவர் ஊத, மூன்றாமவர் பக்கத்தில் பலகை பிடித்துக் கையைச் சுடாமல் காக்கிறார். வடிவம் கொடுப்பவர் உள்ளங்கையில் இருப்பது மடித்து நனைத்த செய்தித்தாள். அதிலிருந்து எழும் ஆவி, கைக்கும் நெருப்புக் குழம்புக்கும் நடுவே நின்றுகொள்கிறது. (பழைய பேப்பருக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் இல்லை.) கடைசியில் குழலிலிருந்து பிரித்து, 500 டிகிரிக்குச் சற்று முன்பின் இருக்கும் அடுப்பில் வைத்து மெல்ல ஆறவிடுகிறார்கள். பெரிய உருப்படிக்குப் பல நாள் ஆகும். அவசரப்பட்டால் வெடிக்கும்.

ஊதுகுழலைக் கைமாற்றிய சிஹூலிக்கு நேரெதிர் இத்தாலியக் கண்ணாடிக் கலைஞர் லினோ தல்யாபியெத்ரா. 1934-ல் வெனிசை ஒட்டிய முரானோ தீவில் பிறந்தவர். சிறுவனாகவே பட்டறைக்குள் போய், 21 வயதில் ‘மாயெஸ்த்ரோ’ என்ற ஆசான் பட்டம் பெற்றார். 1291-ல் தீக்குப் பயந்து வெனிஸ் அரசு தன் கண்ணாடி உலைகளை முரானோவுக்கு மாற்றியது. அந்தத் தொழில் ரகசியம் வெளியே போகாமல் காப்பது அங்கே நெடுங்காலக் கட்டுப்பாடு. லினோ 1979-ல் அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குப் போய், கற்றதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் கவலைப்படவில்லை. எண்பது வயது தாண்டியும் அவர் தானே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி முறுக்கினார். பில்சக் பள்ளியை 1971-ல் தொடங்கியவர்களில் முதன்மையானவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே சிஹூலி.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் வண்டிக் கம்பெனியில் ஷிப்டு பார்த்துவிட்டு வேப்பனப்பள்ளிக்குத் திரும்புகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். வண்டியில் கம்பெனி பேர்தான் இருக்கும், நட்டு முடுக்கியவர் பேர் இருக்காது. கிருஷ்ணகிரி கிரானைட்டும் அப்படித்தான் கப்பலேறுகிறது. ஆனால் வண்டியையும் கல்பாளத்தையும் தனி ஒருவரின் கைவண்ணம் என்று சொல்லி யாரும் ஏலம் விடுவதில்லை. சிற்பத்தை விடுகிறார்கள்; கையெழுத்துக்குத்தான் விலை.

கன்னியாகுமரியில் 2000-ல் திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலை வை. கணபதி ஸ்தபதியின் படைப்பு. உளி பிடித்த மற்ற சிற்பிகளின் பேரை யாரும் கேட்பதில்லை. ஸ்தபதியின் உரிமையையும் யாரும் மறுப்பதில்லை. சிஹூலியின் கையெழுத்தும் அந்த வகையில் நியாயமே. குழுவை அவர் ஒளித்து வைக்கவுமில்லை, அவர்கள் வேலை செய்வதைப் படமெடுத்தே வெளியிட்டிருக்கிறார். ஆனாலும் தன் வடிவங்களை முன்னாள் ஊதுநர் ஒருவர் காப்பியடித்ததாகச் சிஹூலி வழக்குப் போட்டு, அது 2006-ல் சமரசத்தில் முடிந்தபோது, கண்ணாடி உலகம் இரண்டு பக்கமாக நின்று பேசியது.

நம் பக்கக் கண்ணாடி வேலையில் யார் பேர் என்ற கேள்வியே எழவில்லை. வேப்பனப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டினால் ஆந்திரத்தின் குப்பம். குப்பம் சேர்ந்த பழைய சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியில் பாப்பநாயுடுபேட்டை. உருகிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள நீளக் குழலாக இழுத்து, நறுக்கி, மணி செய்த குடும்பங்கள் அங்கே இருந்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன் மணி செய்த முறையும் இதுவே என்பது ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸின் முடிவு. அந்த வகை மணிகள் தென்கிழக்காசியா வரை கிடைத்திருக்கின்றன. செய்தவர் பேர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சில விதிவிலக்குகள் உண்டு. கண்ணாடிச் சிற்பத்துக்காக டெல்லியின் ஹேமி பாவாவுக்கு 2009-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொட்டால் ஒளிரும் கண்ணாடி செய்த அஞ்சலி ஸ்ரீனிவாசன், 2016-ல் ஸ்வரோவ்ஸ்கியின் எதிர்கால வடிவமைப்பாளர் விருது பெற்றவர்களில் ஒருவர். ஆனால் நாட்டின் ஊதுகண்ணாடியில் பெரும்பங்கு வருவது உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத்திலிருந்து. விளக்குக் கூண்டு, பூச்சாடி என்று பலவும் அங்கிருந்துதான். பிரோசாபாத் கண்ணாடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதில் ஊருக்குப் பேர் வந்தது, ஊதியவருக்கு வரவில்லை. பூச்சாடியின் அடியில் ஊதியவர் பேரைப் பொறிக்க வைர முனை ஊசி ஒன்று போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. கண்காட்சியில் அடுத்த முறை ஒன்றை வாங்கும்போது, விலைக்கு முன் அந்தப் பேரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் வியாபாரி பொறிக்கச் சொல்லுவார்.