செய்மதிப் படமும் ஆற்றங்கரையும்

"தொலையுணர்வு பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற துறை; வீட்டிலிருந்தே கணினியில் செய்யலாம்" என்று உயர்தரத்தில் புவியியல் படிக்கும் எங்களிடம் பலர் சொல்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது பாதி உண்மை என்பதே என் கருத்து.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். 1972 முதல் லான்ட்சாட் செய்மதிகள் பூமியைப் படம் பிடித்து வருகின்றன. 2008 இல் அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்டன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. அவையும் இலவசம். ஒரு களப்பு எவ்வளவு சுருங்கியது, ஒரு கண்டல் காடு எப்போது அழிந்தது என்பதைக் கல்முனையிலுள்ள ஒரு மாணவியும் தன் மடிக்கணினியில் தேடிப் பார்க்கலாம்.

மற்றப் பாதிக்கு எங்கள் ஊர்ப்பக்க உதாரணமே போதும். ஆரோக்கியமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, செந்நிறக்கீழ்க் கதிர்களைத் தெறிக்கச் செய்யும். இந்த வித்தியாசத்தைக் கொண்டுதான் செய்மதிப் படத்தில் பசுமையை அளக்கிறார்கள். கிட்டங்கிப் பக்கம் நீரை மூடும் ஆற்றுவாழையும் இந்தக் கணக்கில் நல்ல பசுமைதான். ஆனால் அது தோணியை மறிக்கிறது. நீருக்குள் வெளிச்சம் போகாமல் தடுக்கிறது. மீன்களுக்கான ஒட்சிசனைக் குறைக்கிறது. இலங்கையில் 1909 இலேயே இச்செடிக்கு எதிராகச் சட்டம் இயற்றினார்கள். இந்தப் பசுமை கேடு என்பதை அந்த எண் சொல்லாது.

சென்டினல்-2 படத்தின் மிகச் சிறிய புள்ளியே தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர். அதற்குள் இருப்பது நெல்லா, புல்லா, ஆற்றுவாழையா என்று ஒருவர் நேரில் பார்த்துக் குறித்து வந்தால்தான் கணினியின் முடிவு சரியா என்று சொல்ல முடியும். மாரி முகில் மூடிவிட்டால் இந்தப் படத்தில் தரையே தெரியாது.

களத்துக்குப் போகாத மாணவி, யாரோ கொண்டுவந்த தரவுக்கு நிறம் கொடுப்பவளாகவே இருந்துவிடுவாள். எதை ஆராய வேண்டும் என்பதையும் வேறு யாரோதான் தீர்மானிப்பார்கள். எங்கள் ஆற்றைப் பற்றிய கேள்விகளை நாங்களும் கேட்க வேண்டாமா?

உம்மாமாரே, வாப்பாமாரே, உங்கள் பயம் எங்களுக்குப் புரிகிறது. தனியாக அனுப்பச் சொல்லவில்லை. ஓர் ஆசிரியையும் இரண்டு உம்மாமாரும் எங்களோடு வரட்டும். காலையில் போய் ளுஹருக்கு முன் திரும்பிவிடலாம். தவணைக்கு ஒரு நாள் போதும். கணினி வாங்கித் தந்த நீங்கள், இந்த அனுமதியையும் தாருங்கள்.