மகளின் பரிசோதனை முடிவு ஊருக்கல்ல

உலகத் தரவரிசைக்குரிய மெய்வல்லுநர் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பங்குபற்ற, 2025 செப்டெம்பர் 1 முதல் பரம்பரையலகுப் பரிசோதனை கட்டாயமாகியுள்ளது. இச்செய்தி தமிழ்நாட்டின் சாந்தி சௌந்தரராஜனை நினைவூட்டுகிறது. செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளான அவர், 2006 டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். பெண்ணோயியல் நிபுணர் உள்ளிட்ட குழு பரிசோதித்தது. பதக்கம் பறிபோனது. அந்தரங்கமாக இருக்க வேண்டிய முடிவு ஊடகங்களில் பரவியது.

இது வீராங்கனைகளின் பிரச்சினை மட்டுமல்ல. 15 வயதாகியும் பூப்பெய்தாத மகளை வைத்தியரிடம் காட்டத் தாய்மார் தயங்குகிறார்கள். உள்ளுறுப்பைப் பரிசோதிப்பார்கள், செய்தி வெளியே போகும், கலியாணம் தடைப்படும் என்ற பயம். உண்மையில் ஆரம்பத்தில் இரத்தப் பரிசோதனையும் வயிற்றின் மேலான ஸ்கேனும் பெரும்பாலும் போதும்.

பிறவி ஓமோன் குறைபாடுகளில் சில உயிராபத்தானவை. அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டின் கடுமையான வகை, கவனியாவிட்டால் பிறந்து சில வாரங்களிலேயே உயிரைப் பறிக்கலாம். பெற்றோர் இருவரும் காவிகளாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4 இல் 1 வாய்ப்பு. சொந்தத்துக்குள் மணமுடிப்போர் இதை அறிந்திருப்பது அவசியம்.

'குன்ஸா' பற்றி நமது ஃபிக்ஹ் நூல்கள் வெட்கமின்றிப் பேசியுள்ளன. சிகிச்சைக்காக அவ்ரத்தைக் காட்ட அனுமதியுண்டு; தேவைக்கு மேல் இல்லை. எனவே குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் கதையுங்கள். பெண் வைத்தியரைக் கேளுங்கள். என்ன பரிசோதனை, ஏன் என்பதை மகளுக்கே விளக்கச் சொல்லுங்கள். அவளது சம்மதம் முக்கியம். முடிவை வெளியே விடாமல் காப்பது நம்மிடமுள்ள அமானிதம்.