கோமாளின்னா கேவலமா?



கிளாஸ்ல ஒருத்தன் தப்பா பதில் சொன்னா "போடா கோமாளி"ங்கிறோம். கொஞ்சம் பளிச்சுன்னு சட்டை போட்டு வந்தா "என்னடா இது கோமாளி வேஷம்"ங்கிறோம். பெரியவங்க மட்டும் சளைச்சவங்களா? அரசியல் மேடையில் எதிராளியைத் திட்டணும்னா இந்த வார்த்தைதான் வாயில் வருகிறது.

அப்படியென்றால் கோமாளி என்பவர் புத்தி இல்லாதவரா? மதிப்பு இல்லாதவரா? இல்லவே இல்லை என்பது என் கருத்து. அதை நிரூபிக்க உங்களை சர்க்கஸ் கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போகப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க.

ஆஸ்பத்திரியில் கோமாளிக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பிக் ஆப்பிள் சர்க்கஸ் என்று ஒரு கம்பெனி. அதில் கோமாளியாக இருந்தவர் மைக்கேல் கிறிஸ்டென்சன். தன் கூடப்பிறந்த சகோதரரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த இவர், 1986-ஆம் ஆண்டு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய் நோயாளிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்க ஆரம்பித்தார். அவருடைய குழு டாக்டர் மாதிரியே வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு ரவுண்ட்ஸ் போனது. "உனக்கு மூக்கு மாற்று ஆபரேஷன்" என்று சொல்லி ஒரு சிவப்பு மூக்கை மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் இது பரவியது.

"அதெல்லாம் அமெரிக்கா, நம்ம நாட்ல நடக்குமா?" என்று கேட்கிறீர்களா? நடந்திருக்கிறது. டெல்லியில் ஷீத்தல் அகர்வால் என்பவர் 2016-ல் கிளவுன்செலர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம்ம ஜங்ஷன்ல ரயில் ஏறினா எழும்பூர்ல இறங்கலாம் இல்லையா? அந்த எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குள், சென்னையின் தி லிட்டில் தியேட்டர் என்கிற நாடக அமைப்பு பயிற்சி பெற்ற கோமாளிகளை அனுப்பியிருக்கிறது. அது ஏழை எளிய மக்கள் வருகிற அரசு ஆஸ்பத்திரி என்பதைக் கவனியுங்கள்.

சிரிச்சா நோய் போயிடுமா?

"வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்று எல்லா பேச்சுப் போட்டியிலும் சொல்கிறோம். 2004-ல் வந்த வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். படத்தில் கமல் கட்டிப்பிடித்தே வைத்தியம் பார்த்தார். கைதட்டினோம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கோமாளி வந்ததால் டெங்கு ஓடிப்போகாது, புற்றுநோய் கரையாது. மருந்து மருந்துதான்.

அப்போ எதுக்கு கோமாளி? பயத்துக்கு.

இத்தாலியில் 5 முதல் 12 வயது வரை உள்ள 40 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்து, 2005-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பாதிப் பேருடன் பெற்றோரும் கோமாளிகளும் இருந்தார்கள், மீதிப் பேருடன் பெற்றோர் மட்டும். கோமாளி இருந்த குழந்தைகளுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில், 24 ஆய்வுகளை, அதாவது 1,612 குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரைப் பற்றிய தகவல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஊசி, ஆபரேஷன் போன்ற நேரங்களில் கோமாளிகள் கூட இருந்தால் பதற்றம் குறைகிறது என்றுதான் அதிலும் வந்தது.

ஏன் குறைகிறது? இதைப் பற்றி நான் யோசித்ததை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு டெங்கு வந்து ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தான். தினமும் ரத்தம் எடுத்தாங்க. ரத்தம் எடுக்கிறவங்க, ட்ரிப்ஸ் மாத்துறவங்க, காய்ச்சல் பார்க்கிறவங்க, டாக்டர் என்று வந்த யாரிடமும் அவனால் "வேணாம், போங்க" என்று சொல்ல முடியவில்லை. சொன்னாலும் அவர்கள் போக முடியாது, போகவும் கூடாது. அவன் அழுதப்போ ஒருத்தர், "அழுதா இன்னொரு ஊசி போட்டுருவேன்" என்று மிரட்டினார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்" என்று நம்ம வீட்டிலேயே தினமும் சொல்றோமே! டாக்டரைப் பூச்சாண்டி ஆக்கி வெச்சது நாமதான்.

பயிற்சி பெற்ற கோமாளி அப்படி வர மாட்டார். வாசலிலேயே நின்று "உள்ளே வரலாமா?" என்று குழந்தையிடம் அனுமதி கேட்பார். குழந்தை "வேண்டாம்" என்றால் போய்விட வேண்டும், அதுதான் அவருடைய விதி. அந்தக் கட்டடத்திலேயே குழந்தை "போ" என்று சொன்னால் போகிற ஒரே ஆள் அவர்தான்! "வா" என்று சொன்னாலோ, வந்து கதவில் முட்டிக்கொள்வார், ஸ்டெதாஸ்கோப்பைத் தன் முழங்காலில் வைத்துக் கேட்பார். ஒண்ணுமே தெரியாத ஆளாக நடித்து, குழந்தையை எல்லாம் தெரிந்த ஆளாக ஆக்கிவிடுவார். எல்லாரும் தன்னைப் படுக்க வைத்து மேலிருந்து பார்க்கிற இடத்தில், தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்றால் அந்தக் குழந்தைக்கு எவ்வளவு தைரியம் வரும்! தன்னைத் தாழ்த்திக்கொண்டு அடுத்தவரை உயர்த்துவது கேவலமா, பெருமையா? நீங்களே சொல்லுங்க.

இது நமக்குப் புதுசா?

நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவார், பார்த்திருப்பீர்கள். வேஷம் கட்டி வருகிற ராஜாவையே "நீங்க யாரு? எந்த ஊரு?" என்று கேட்பார். ராஜாவைக் கிண்டல் பண்ணும் உரிமை அந்தச் சபையில் அவருக்கு மட்டும்தான். துரியோதனனைப் பார்த்துப் பயந்த குழந்தையும் அவர் வந்தால் சிரித்துவிடும். ஆஸ்பத்திரிக் கோமாளி செய்வதும் இதே வேலைதான். அங்கே ராஜா இடத்தில் ஊசியும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா கோமாளியைப் பார்த்தா சிலருக்கு பயம் வருதே?

நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் ஆஸ்பத்திரிச் சுவர்களில் என்ன படம் வேண்டும் என்று 4 முதல் 16 வயது வரை உள்ள 250 பேரிடம் கேட்டு, 2008-ல் முடிவைச் சொன்னார்கள். கோமாளிப் படம் பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்றார்கள் பிள்ளைகள். 2016-ல் அமெரிக்காவில் சிலர் கோமாளி முகமூடி மாட்டிக்கொண்டு ஜனங்களைப் பயமுறுத்தினார்கள். இட், ஜோக்கர் என்று சினிமாவும் கோமாளியைக் கொலைகாரன் ஆக்கிவிட்டது.

இதற்குக் காரணம் நம்ம ஊர்க்காரங்களுக்குச் சுலபமா புரியும். நம்ம செராமிக் கம்பெனியில் செய்கிற பீங்கான் பொம்மையைப் பாருங்க. சூளையில் வெந்து வந்த பிறகு அதன் சிரிப்பு மாறவே மாறாது. நாம் அழுதாலும் அது சிரிக்கும். பொம்மை அப்படி இருக்கலாம், மனுஷர் இருக்கக் கூடாது. முகம் முழுக்க பெயிண்ட் அடித்து, உள்ளே கோபமா அன்பா என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே ஒருவர் கிட்டே வந்தால் சின்னக் குழந்தை பயப்படத்தான் செய்யும். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கோமாளிகள் பலர் முகத்தை மறைப்பதில்லை. ஒரு சின்ன சிவப்பு மூக்கு, கொஞ்சம் கலர், அவ்வளவுதான். குழந்தையின் முகம் மாறினால் இவர் முகமும் மாற வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பும் இருக்கிறது. அதே இத்தாலி ஆய்வில், குழந்தைக்கு நல்லது என்று ஒத்துக்கொண்ட டாக்டர், நர்ஸ்களிலேயே பெரும்பாலோர், இதைத் தொடர வேண்டாம் என்றார்கள். ஆபரேஷன் வேலைக்கு இடைஞ்சலாம். அவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அதனால்தான் கண்டவரும் போகக் கூடாது, பயிற்சி பெற்றவர் மட்டும், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டுப் போக வேண்டும் என்கிறேன்.

நாம என்ன செய்யலாம்?

குழந்தைகள் தினத்தன்று நாமளே முகத்தில் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று நம்ம பள்ளியில் சிலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் வேண்டாம் நண்பர்களே! நாற்பது பேர் கூச்சலோடு போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் அது நமக்குத்தான் கொண்டாட்டம். நவம்பர் 15-ஆம் தேதி ரத்தம் எடுக்கும்போது அந்தக் குழந்தை பக்கத்தில் யார் இருப்பார்?

அதற்குப் பதில் மூன்று காரியம் செய்வோம்.

1. தலைமையாசிரியர் மூலமாக ஒரு மனு கொடுப்போம். நம் மாவட்டக் கூத்துக் கலைஞர்கள் சிலருக்கு முறையான பயிற்சி கொடுத்து, விருத்தாசலம் அரசு மருத்துவமனையின் குழந்தை நோயாளிகளிடம் வாரம் ஒரு நாளாவது அனுப்பச் சொல்லிக் கேட்போம். அதை ஓசியில் கேட்கக் கூடாது, சம்பளம் கொடுக்க வேண்டும். கூத்து இல்லாத மாதங்களில் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா?

2. வீட்டில் தம்பி தங்கைகளை "டாக்டர் ஊசி போட்டுருவார்" என்று மிரட்டுவதை இன்றைக்கே நிறுத்துவோம். இதற்கு மனுவும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

3. "கோமாளி" என்று யாரையும் திட்டாமல் இருப்போம். அப்படி நம்மை யாராவது சொன்னால், "அந்த அளவுக்கு எனக்குத் திறமை பத்தாதுங்க" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வோம்.

— பதினோராம் வகுப்பு மாணவி