ஏரிக்கரையில் ஒரு கைதட்டல்

மார்கழி கடைசி ஞாயிறு. விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் அடித்ததும் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். வேடந்தாங்கல் போகலாம் என்று சொன்னது நான்தான். காணும் பொங்கலன்று போனால் பறவைகளைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும். அதற்கு முன்னால் ஒரு நாள் போய்விட்டு வந்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நாலு பேர்: நான், கணவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், 72 வயது மாமியார். இன்னொரு காரில் என் கல்லூரித் தோழி, அவள் கணவர், மகள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு தூக்கில், காபி இரண்டு ஃபிளாஸ்கில். அத்தை தலையில் குல்லா, கழுத்தில் மஃப்ளர், காலில் சாக்ஸ். சென்னைக்காரர்களுக்கு இதுதான் பனிக்காலம்; ஊட்டிக்காரர்கள் யாராவது படித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

தாம்பரத்தைத் தாண்டி, செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பினால் ஊரே மாறிவிடும். இரண்டு பக்கமும் வயல். அதன் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம். "மகாபலிபுரம் போயிருந்தா கடலாவது பார்த்திருக்கலாம்" என்று முனகிக்கொண்டே வந்த அத்தை, இந்த இடத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

ஏரி ஒன்றும் பிரம்மாண்டம் இல்லை. சுமார் 30 ஹெக்டேர், ஏக்கரில் சொன்னால் 74. தண்ணீருக்கு நடுவே நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும். முதலில் பார்க்கும்போது மரங்கள் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு பூ இறக்கையை விரித்துப் பறக்கும்போதுதான் தெரியும், அத்தனையும் பறவைகள். மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், கல்யாண மண்டபத்தில் பந்தி போடுகிற நேரம் மாதிரி.

தோழியின் கணவர் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை எடுத்து கேமராவில் மாட்டினார். என் மகன் பையிலிருந்து செல்போனை எடுத்தான். இரண்டு விரலால் விரித்து விரித்து ஜூம் செய்து நாலு படம் எடுத்தான். நாரை என்று எடுத்ததெல்லாம் அரைத்துவைத்த தேங்காய்ச் சட்னி மாதிரி இருந்தது. போனில் அப்படி ஜூம் செய்வது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பறவை பக்கத்தில் வந்துவிடாது. அந்தப் பெண்தான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால், நாம் கண் வைக்கிற இடத்தில் போன் லென்ஸை ஒட்டி வைத்துப் படம் எடுக்கலாம். முதல் பத்து தடவை கறுப்பு வட்டம்தான் வரும். பதினோராவது தடவை கூழைக்கடாவின் கண் தெரியும். பைனாகுலரை மதில் மேலோ மரத்திலோ சாய்த்துப் பிடித்துக்கொண்டால் கை நடுக்கம் தொந்தரவு செய்யாது.

இன்னொன்றும் சொன்னாள். வெள்ளைப் பறவையைப் போன் கேமரா சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கிவிடும். இறகு ஒன்றுகூடத் தெரியாது. திரையில் பறவையின் மேல் ஒரு தட்டு தட்டி, பக்கத்தில் வருகிற சூரியன் படத்தைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் இறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். சில போன்களில் சூரியனுக்குப் பதில் ஒரு கோடு இருக்கும், வேலை ஒன்றுதான். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்றுகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

அத்தைக்கு முழங்கால் வலி. காட்சிக் கோபுரம் ஏற முடியாது. கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கையில் காபியைக் கொடுத்து, "இங்கேயே இருங்க அத்தை, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பிவிட்டோம். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. குடும்பத்தோடு போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வயதானவர்களைப் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டு வருவது எத்தனை வீடுகளில் நடக்கிறது!

கோபுரத்திலிருந்து இறங்கும்போது தோழியின் கணவர் தன் கேமராத் திரையைக் காட்டினார். நாரை இறக்கை விரித்து இறங்குகிற படம். இளஞ்சிவப்பு இறகுகள்கூடத் தெளிவாக இருந்தன. என் மகன் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்த முகம் எனக்குப் பொறுக்கவில்லை. கரைக்குப் பக்கத்தில் ஒரு மரம் நிறைய நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. "போனை வீடியோ மாதிரி தயாரா வெச்சுக்கோ. நான் கை தட்டறேன், எல்லாம் ஒண்ணாப் பறக்கும்" என்றேன்.

தட்டினேன். இரண்டே தட்டு. மரமே எழுந்து வானத்துக்குப் போன மாதிரி இருந்தது. அவன் பொத்தானை விடாமல் அழுத்தி இருபது படம் எடுத்துவிட்டான்.

"யாரும்மா அது கை தட்றது?"

கரையோரம் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "பிரசவத்துக்கு வந்த பொண்ணு தூங்கறப்ப, பக்கத்துல நின்னு கை தட்டுவியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மகனிடம் பேச ஆரம்பித்தார். பறவைகளின் எச்சம் விழுந்த இந்த ஏரித் தண்ணீர்தான் சுற்றியுள்ள வயலுக்குப் பாயும். எரு தனியாகக் கொட்டின மாதிரி என்றார். ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றுவது வெறும் இரக்கத்தால் மட்டும் இல்லை, இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. இது இன்று நேற்று வந்ததும் இல்லை. இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் முறையிட, 1798-ல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்தில் கொடுத்தார். 2022-ல் இந்த ஏரி ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இருநூறு வருடத்துக்கும் மேலாக ஓர் ஊர் கட்டிக் காத்ததை நான் இரண்டு தட்டில் கலைத்துவிட்டு நின்றேன்.

பெஞ்சுக்குத் திரும்பினோம். இட்லித் தூக்கைத் திறந்தோம். அத்தை சாப்பிடவில்லை.

"நீங்க போனதுலேருந்து அந்த மரத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். வருஷத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷன் ஆனது. இப்போது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத் தூரப் பார்வை நன்றாக இருக்கிறது. "மூணாவது கிளையில ஒண்ணு உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. ஜோடி குச்சி கொண்டுவந்து கொடுக்கும், இது வாங்கிச் செருகிக்கும். எழுந்திருக்கவே இல்லை. அடை காக்குதுன்னு நினைச்சேன். திடீர்னு எல்லாம் பறந்துச்சா, அதுவும் எழுந்துடுச்சு. ஒரு காக்கா வந்து வாயில எதையோ கவ்விட்டுப் போயிடுச்சு. வெளுப்பா இருந்தது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "நான்தான் கை தட்டினேன் அத்தை" என்றேன்.

"தெரியும். இங்கே வரைக்கும் கேட்டுச்சே."

அவ்வளவுதான் சொன்னார். காபி மூடியை என்னிடம் நீட்டினார்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இதேதான். தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்த சில நிமிடம் போதும், காகமோ பருந்தோ முட்டையையும் குஞ்சையும் தூக்கிவிடும். கூட்டில் உட்கார்ந்திருப்பது சூடு கொடுக்க மட்டும் இல்லை. மஞ்சள் மூக்கு நாரை உச்சி வெயிலில் இறக்கையை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் கொடுக்குமாம். அதைப் பார்க்க லென்ஸ் எல்லாம் வேண்டாம். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும், அத்தை மாதிரி. அன்று எங்கள் ஏழு பேரில் உண்மையில் பறவை பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சாப்பிட்ட பிறகு மறுபடி கோபுரத்துக்குப் போகவில்லை. எல்லோரும் அந்தப் பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். பறந்த நீர்க்காகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மூன்றாவது கிளைக்கும் ஒன்று வந்தது. அதேதானா என்று கேட்டேன். "அதேதான். கூட்டைக் குனிஞ்சு பார்க்குது பாரு" என்றார் அத்தை. அது மறுபடி உட்கார்ந்துகொண்டது. உள்ளே இன்னும் ஏதாவது மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு மகன் அந்த இருபது படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு படம் அருமையாக வந்திருந்தது, சொல்லத்தான் வேண்டும். பின்னால் பனி, நடுவில் நாற்பது ஐம்பது கறுப்பு இறக்கைகள். குடும்ப குரூப்பில் போட்டால் மாமா, சித்தி எல்லோரும் இதயம் இதயமாக அனுப்புவார்கள். பெரிதாக்கிக்கொண்டே போனவன், "அம்மா, இங்கே பாரேன்" என்றான். படத்தின் வலது ஓரம், மரத்துக்குள்ளே இறங்குகிற ஒரு பறவை. கழுத்து நீளம் இல்லை. காகம்.

அவன் அதை யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

காணும் பொங்கலன்று நாங்கள் எங்கேயும் போகவில்லை. தமிழ்நாட்டில் வருடா வருடம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் எழுதி, ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். நாற்காலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அத்தை பார்த்துச் சொல்லச் சொல்ல, மகன் போனில் ஏற்றினான். மைனா நாலு, கிளி ஆறு, தேன்சிட்டு ஒன்று, புறா இருபத்திரண்டு. பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு செம்போத்து. பத்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், முருங்கை மரத்தில் செம்போத்து வருவது எனக்குத் தெரியாது.

"காக்காவையும் எழுதணுமா பாட்டி?" என்றான்.

"ஏன், அதுக்கு மட்டும் வயிறு இல்லையா? பதினேழு. எழுது."