ஒரு குவாட்டர் எத்தனை கிராம்?

நமது புறநோயாளிச் சீட்டுகளில் யாரும் மறுகேள்வி கேட்காமல் எழுதிவிடும் சொல் ஒன்று உண்டு: "சோஷியல் டிரிங்கர்". கணைய அழற்சியோடு வந்தவருக்கும் அதுதான், மூன்று மாத்திரை கொடுத்தும் இரத்த அழுத்தம் இறங்காதவருக்கும் அதுதான், படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவருக்கும் அதுதான். எந்தச் சரக்கு, எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள் என்ற விவரம் எங்கும் இருக்காது. சர்க்கரையை மில்லிகிராமிலும் சிறுநீரை மில்லிலிட்டரிலும் எழுதும் நாம், மதுவை மட்டும் ஆளின் குணநலன் போல ஒரு அடைமொழியில் முடித்துக்கொள்கிறோம்.

நோயாளி பொய் சொல்கிறார் என்பது நம் வழக்கமான சமாதானம். பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ இருந்து வருகிற ஒருவரிடம் "தண்ணி போடுவீங்களா, எவ்வளவு?" என்று கேட்டால் "ஒண்ணுதான் சார்" என்பார். அவர் கணக்கில் ஒன்று என்பது ஒரு குவாட்டர். இந்திரா நகர் பப்பிலிருந்து வருகிற மென்பொருள்காரர் சொல்லும் ஒன்று, ஒரு லார்ஜாகவோ ஒரு குவளை கிராஃப்ட் பியராகவோ இருக்கும். நம் காதில் இரண்டும் ஒரே ஒன்றாக விழுகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் விற்கும் விஸ்கி, ரம், பிராந்தியின் வழக்கமான வீரியம் 42.8 சதவீதம். ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை 0.79 கிராம். ஆக 30 மில்லி ஸ்மாலில் சுமார் 10 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது; நாம் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்று வைத்துக்கொள்வது இதைத்தான். லார்ஜில் 20 கிராம், நைன்ட்டியில் 30. 180 மில்லி குவாட்டரில் 60 கிராமைச் சற்றே தாண்டுகிறது. எட்டு சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மில்லி பாட்டில் என்றால் 41 கிராம். "பியர் மட்டும்தான் சார்" என்பவர் ஏறக்குறைய நான்கு ஸ்மால் விஸ்கி குடித்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்.

அறுபது கிராம் என்ற எண் நமக்குப் புதிதல்ல. ஒரே அமர்வில் அந்த அளவைத் தொடுவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிகைக் குடிக்கு எல்லையாக வைத்திருக்கிறது. அதாவது நம் ஊர்க் கடையில் மிகச் சாதாரணமாகக் கைமாறும் ஒரு சிறு பாட்டிலே அந்த எல்லைக்கோடு. அதே நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு குவாட்டர் குடிப்பவர் "தினமும் ஒன்று" என்று சொல்ல, நாமும் அப்படியே குறித்தால் முதல் மூன்று கேள்விகளில் அவருக்கு 4 மதிப்பெண். அதே ஆளுக்கு ஆறு டிரிங்க் என்று சரியாகக் குறித்தால் 10. மீதி ஏழு கேள்விக்கும் அவர் "இல்லை" என்றே சொன்னாலும், 8 என்ற எச்சரிக்கை வரம்பில் முதல் கணக்கின்படி பாதியிலேயே நின்றுவிடுகிறார், இரண்டாவதன்படி அதைத் தாண்டிவிடுகிறார். கேள்வித்தாளில் குறை இல்லை. அதை மொழிபெயர்த்தபோது அளவை மொழிபெயர்க்க மறந்துவிட்டோம்.

எழுபது கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவாட்டரை வேகமாகக் குடித்தால், ஏட்டுக் கணக்குப்படி அவர் இரத்தத்தில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் ஏறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அனுமதிப்பது 30. மணிக்கு 15 வீதம் இறங்கினால் அந்த வரம்புக்குள் வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு பதினொன்றுக்குக் குடித்துவிட்டு விடிகாலை நான்கு மணிக்கு விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டும் டாக்ஸிக்காரரிடம் "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்ற நம்பிக்கை உறுதியாக இருக்கும். கல்லீரலைப் பற்றிய அறிவுரையைவிட இந்த ஒரு கணக்கு அவரிடம் ஆழமாகப் போகும்.

கர்நாடகத்தில் இந்தச் சிறு பொட்டலம் இவ்வளவு பரவியதற்குப் பின்னணி உண்டு. 1981 ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயம் 300-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2007 ஜூலை 1 முதல் மாநிலத்தில் பட்டைச் சாராயம் தடை செய்யப்பட்டது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிடவில்லை; மலிவு விலை விஸ்கிக்கும் ரம்முக்கும் மாறினார்கள், சிலர் கள்ளச் சாராயத்துக்கு. தடைக்கு ஒரு வருடம் ஆவதற்குள், 2008 மே மாதம், பெங்களூர், கோலார், எல்லை தாண்டிய கிருஷ்ணகிரி என்று மெத்தனால் மறுபடியும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் அதுவே நடந்தது. குடித்த மறுநாள் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று வருபவரை "ஹேங்ஓவர்" என்று அனுப்பிவிடாமல் இருப்பதற்கு இந்த மூன்று சம்பவங்களும் நினைவில் இருக்கட்டும். பட்டைச் சாராயம் போன இடத்தை நிரப்பியவை 90, 180 மில்லி அட்டைப் பெட்டிகளும் சிறு பாட்டில்களும். அன்றைய கூலியில் அன்றே வாங்கக்கூடிய விலை, நின்றபடியே காலி செய்யக்கூடிய அளவு. கிளாஸ், ஐஸ், அரட்டை என்று இழுத்துக் குடிக்கும் முறைக்கு அங்கே இடமே இல்லை.

"பொறுப்பான குடி" என்ற அறிவுரை நம் மருத்துவமனைச் சுவர்களுக்கும் வந்துவிட்ட காரணத்தால் இதைச் சொல்கிறேன். மது நிறுவனங்களான யுனைடெட் புரூவரீஸ், யுனைடெட் ஸ்பிரிட்ஸ் இரண்டின் தலைமையகமும் நம் ஊரில்தான். குடித்துவிட்டு ஓட்டாதீர்கள், அளவோடு குடியுங்கள் என்று மது நிறுவனங்களே பிரச்சாரம் செய்வதில் முதல் பாதி பயனுள்ளது, எனக்கு அதில் சண்டை இல்லை. இரண்டாவது பாதிதான் உறுத்துகிறது. அளவு என்ன என்பதைப் பாட்டிலின் அளவு தீர்மானித்துவிட்ட இடத்தில், பொறுப்பை முழுக்கக் குடிப்பவர் தலையில் ஏற்றிவிட்டு விலையையும் பொட்டலத்தையும் கடை நேரத்தையும் பேச்சிலிருந்து நழுவவிடும் அறிவுரை அது. 2023 ஜனவரியில் மது வாங்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்க மாநில அரசு வரைவு வெளியிட்டுப் பின் எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டது நினைவிருக்கலாம். அன்று குரல் கொடுத்தவர்களில் நம் துறையினர் இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

அதே மாதத்தில்தான் உலக சுகாதார நிறுவனம், மதுவில் உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என அறிவித்தது. ஆல்கஹாலைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988-இல். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் என ஏழு இடங்கள். இன்னமும் "தினம் ஒரு பெக் ஹார்ட்டுக்கு நல்லதாமே டாக்டர்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்; சங்கடம் என்னவென்றால் அதை அவர்களுக்குச் சொன்னவர்களில் டாக்டர்களும் உண்டு. மேலை நாட்டு ஆய்வுகளில் தெரிந்த அந்த நன்மையிலும், நோயால் குடியை விட்டவர்களைக் குடிக்காதவர்கள் கணக்கில் சேர்த்ததால் வந்த மயக்கம் கணிசம். நம்மவர்களிடம் அதுகூடத் தெரியவில்லை. 2007-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதியில், மாரடைப்பிலிருந்து மது காப்பாற்றியதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. இந்தியத் தொழிலாளர்களிடம் செய்யப்பட்டு 2010-இல் வந்த ஆய்வில், குடித்த ஆண்களுக்கு இதயநோய் கூடுதலாகவே இருந்தது.

ஆனால் "அடியோடு நிறுத்துங்கள்" என்று எல்லாரிடமும் ஒரே மூச்சில் சொல்லிவிடவும் முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் ஒரே நாளில் மூடியபோது பெங்களூர் மருத்துவமனைகளில் சிக்கலான மது விலகல் நோய்க்குறியோடு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. ஊரடங்கு இல்லாத நாளிலும் இதே சோதனையை நாம் வார்டுகளில் நடத்திக்கொண்டிருக்கிறோம். எலும்பு முறிவுக்குச் சேர்ந்தவர் இரண்டாம் நாள் இரவில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். கட்டிலோடு கட்டி வைக்கிறோம், ஹாலோபெரிடால் போடுகிறோம், வீட்டாரை வெளியே அனுப்புகிறோம். சேர்க்கும்போதே "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று கேட்டிருந்தால் குளோர்டயசெபாக்சைடை முன்கூட்டியே தொடங்கியிருக்கலாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி. விலை மிகக் குறைந்த இந்த ஊசி தவறிப்போனதால் நினைவாற்றலை நிரந்தரமாக இழந்தவர்களை நிம்ஹான்ஸ் வார்டுகளில் பயிற்சி பெற்ற யாரும் பார்த்திருப்பார்கள்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் 86 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள். 2019-இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸின் ஒரு மையம், நகரத்தில் இன்னும் சில என்று வைத்துக்கொண்டு இந்த இடைவெளியை மூட முடியாது. மூடவேண்டியவர்கள் இந்த இதழைப் படிக்கும் பொது மருத்துவர்களும் செவிலியர்களும்தான். அதற்கு மனநல மருத்துவராக இருக்கவேண்டியதில்லை என்பதற்குக் கோவாவில் சங்காத் அமைப்பு செய்த ஆய்வு சான்று. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஆடிட்டில் 12 முதல் 19 வரை பெற்ற ஆண்களுக்கு, மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வு பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேரும் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேரும் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். 2017-இல் லான்செட்டில் வந்தது. பத்து சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். நாம் தினமும் எழுதும் பல மாத்திரைகளுக்கு அந்தப் பலன்கூடக் கிடையாது.

ஆகவே, அடுத்த இதழ் முதல் இங்கே வரும் நோயாளி அறிக்கைகளில் மதுப் பழக்கம் வாரத்துக்கு எத்தனை கிராம் என்று இருக்கவேண்டும். சரக்கின் வகை, பொட்டல அளவு, குடிக்கும் நாட்கள், கடைசியாகக் குடித்த நேரம் ஆகிய நான்கும் தெரிந்தால் கணக்குத் தானே வந்துவிடும். வெறும் அடைமொழியோடு வருபவை எழுதியவருக்கே திருப்பி அனுப்பப்படும்.

மனைவிமார்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மிடம் முதலில் வருவது பெரும்பாலும் அவர்கள். "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்க ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர்" என்ற வேண்டுகோளைக் கேட்காத பொது மருத்துவர் இந்த ஊரில் இருக்கமாட்டார். மருந்துக் கடைகளில் டைசல்ஃபிராம் கிடைக்கிறது, எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தெரியாமல் அதைச் சாப்பிட்டுவிட்டுக் குவாட்டரைத் திறப்பவருக்கு இரத்த அழுத்தம் சரியலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். இதயநோய் உள்ளவர் இறந்தும் போகலாம். ஒப்புதல் இல்லாத மருந்து என்பது அதற்கும் முந்தைய குற்றம். நால்ட்ரெக்ஸோனும் அகாம்ப்ரோசேட்டும், கல்லீரல் சுருங்கியவருக்குப் பேக்லோஃபெனும், அவருக்குத் தெரிந்து, அவர் கையால் வாங்கிச் சாப்பிடவேண்டியவை.

மறுத்துவிட்டு அந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்புவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று, வீட்டில் அடி விழுகிறதா, சம்பளம் கைக்கு வருகிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். குடிப்பவர் வராமலே குடும்பத்தாரோடு வேலையைத் தொடங்கி, பிறகு அவரைச் சிகிச்சைக்கு வரவழைக்கும் முறைகள் பயனளிப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டெலி மானஸ் 14416 எண்ணைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதி அவர் கையில் கொடுங்கள். அவர் பெயரிலேயே ஒரு சீட்டுப் போட்டு, கணவர் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.