லீவு முடிந்து வந்தால் 'சிமாஸ் எரர்': கம்ப்யூட்டர் தேதியை மறப்பது ஏன்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான்கு நாள் லீவுக்குப் பிறகு ஆபீஸ் திறக்கிறார்கள். பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்தால், கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்'. உடனே 'மதர்போர்டு போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் காரணம், ஒரு ரூபாய் நாணயம் போலிருக்கும் பேட்டரிதான்.

என்ன நடக்கிறது?

தேதி, நேரம், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது போன்ற செட்டிங்குகளைப் பழைய மதர்போர்டுகளில் சிமாஸ் மெமரி வைத்திருக்கும். அதற்கு உயிர் கொடுப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை பேட்டரிக்கு வேலை குறைவு. மெயினை அணைத்துவிட்டால் முழுச் சுமையும் அதன்மீதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் இந்தத் தொழிற்பேட்டைக்குள் புகுந்தது. அப்படி நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனாலும் வயதான பேட்டரி கைவிட்டுவிடும்.

எஃப்1 அழுத்தினால் போதாதா?

அன்றைய வேலை ஓடலாம். ஆனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் வங்கி, ஜிஎஸ்டி தளங்கள் திறக்க மறுக்கும். பில்லிலும் தப்பான தேதி விழும்.

என்ன செய்யலாம்?

* கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே பயாஸ் செட்டிங்குகளை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.
* பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் குறித்து வையுங்கள். செட்டிங் மாறினால் கேட்கக்கூடும்.
* பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள். பிறகு பயாஸில் தேதி, நேரம், டிஸ்க் வரிசையைச் சரிசெய்து சேமியுங்கள்.

புது பேட்டரி போட்டும் எரர் வந்தால், அப்போது மதர்போர்டைச் சந்தேகிக்கலாம். வெள்ளத்தில் நனைந்த கம்ப்யூட்டரை மட்டும் நீங்களே ஆன் செய்து பார்க்காதீர்கள்.